தண்ணீர் வெட்டு நாளில் ஒரு ஒழுக்கு

சனிக்கிழமை பின்னேரம் நாலே முக்காலுக்கு, பொரளை மலர்ச்சாலையிலிருந்து வந்த வேன் இறக்கிவிட்டபோது ஃபிளாட் கேற்றடியில் நின்றவர்கள்:

முத்துலிங்கம், அறுபத்தொன்பது வயது, முதலாம் மாடி. நிர்வாகக் கமிற்றிச் செயலாளர்.

கஜேந்திரன், மூன்றாம் மாடி. கமிற்றித் தலைவர். செயலாளர் எழுதிக் கொடுப்பதை வாசிப்பவர்.

நிஷாந்தி, இரண்டாம் மாடி. மாமியார் வீட்டுக்குள், மருமகள் கேற்றுக்கு வெளியே.

ஸமீம், கீழ்த்தளம் முன்பக்கம். செத்தவீட்டுக்குப் போனால் தலை முழுக வேண்டிய கட்டாயம் இல்லாதவர். அதனால் எல்லோரையும் வேடிக்கை பார்க்க நேரம் உள்ளவர்.

சீனியம்மா, படிக்கட்டுக் கூட்டுபவள். கையில் ஒரு வாளி. அரை வாளித் தண்ணி.

இன்னும் நாலு பேர். பெயர் தேவையில்லை, குளிக்கவேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ரஜனி, முப்பத்தேழு வயது, கீழ்த்தளம் பின்பக்கம். தச்சு வேலை.

வராதவர் ஒருவர்: நாலாம் மாடிப் பரராஜசிங்கம், தொண்ணூற்றொரு வயது. அவரை எரித்துவிட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

வராதது இன்னொன்று: தண்ணீர். காலை ஒன்பது மணியிலிருந்து வெள்ளவத்தை முழுக்க இருபத்துநாலு மணித்தியால வெட்டு. வெட்டு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை முழுக்க நாலாம் மாடிக்கு வந்து போன சனம் கட்டிடத்தின் மேல்தண்ணீர்த் தாங்கியைத் துடைத்து வைத்ததுபோல் காலி பண்ணிவிட்டது. காலையில் நிரப்ப ஓடியவர்களின் வாளிக்குள் காற்றுத்தான் விழுந்தது. வீடுகளில் மிச்சம் இருந்தது கேத்தலுக்குள் இருந்த குடிதண்ணி.

செத்தவீட்டுத் தொடக்கோடு, அந்தத் தீட்டோடு, நேரே குளியலறைக்குப் போகலாமே தவிர வீட்டுக்குள் வேறெங்கும் கால் வைக்க முடியாது. குளிக்கவும் தண்ணி இல்லை. வேனில் வந்த ஒன்பது பேரில் ஏழு பேர் தங்கள் வீட்டைத் தாங்களே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டாவது ஆள் ஸமீம். ஒன்பதாவது ஆள் ரஜனி. அவள் வீட்டைப் பார்க்கவில்லை. முத்துலிங்கத்தின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால்கள் எப்போது படியேறும் என்பதில்தான் அவளுடைய தொழில் தொங்கிக்கொண்டிருந்தது.

ரஜனி எட்டு வருடம் நைட் ஷிஃப்டில் இருந்து, முகம் தெரியாத அமெரிக்கர்களிடம் மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள். ஒரு நாள் மன்னிப்புத் தீர்ந்துபோனது. ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தவள், பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. வீட்டின் பின்னறையைப் பட்டறையாக்கினாள். ஒரு வாள் மெஷின், ஒரு துளை மெஷின், ஒரு நீள மேசை. செய்வது சாமிப்படம் வைக்கும் சாமித்தட்டு. வெள்ளவத்தையில் ஃபிளாட்டுகள் சின்னதாகிக்கொண்டு போகின்றன, சாமிகள் குறையவில்லை. அந்த இடைவெளிதான் அவளுக்குச் சோறு போட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் பட்டறையின் கூரைத் தட்டில் ஒரு ஈரவட்டம் வந்தது. முதலில் தேநீர்க் கோப்பை அளவு. பிறகு தாச்சி அளவு. பிறகு சொட்டத் தொடங்கியது. எம்.டி.எஃப் பலகைக்குத் தண்ணி பட்டால் தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதிவிடும். பிறகு எந்த வெயிலில் வைத்தாலும் பழைய அளவுக்கு வராது. முதல் கிழமையிலேயே ஆறு பலகை போனது. வாள் அலகில் துரு ஏறியது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நகம் கறுத்தது. சுவரில் பெயின்ற் கொப்புளம் போட்டது. கொப்புளத்தைக் குத்தினால் உள்ளிருந்து தண்ணி வழிந்தது.

ஒழுக்குக்கு நேர் மேலே இருப்பது முத்துலிங்கத்தின் பின்பக்கக் குளியலறை. போய்க் கதவைத் தட்டினாள். அவர் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார்.

"அந்த பாத்ரூம் பாவிக்கிறேல்லை பிள்ளை. மனிசி ஸ்காபரோவில மகளோட. நான் தனிக்கட்டை. எனக்கு ரெண்டு பாத்ரூம் என்னத்துக்கு?"

"அப்ப ஒருக்கா உள்ள வந்து பாக்கலாமே அங்கிள்?"

"பூட்டிக் கிடக்கு. திறப்பு கனடாவில."

சொல்லிவிட்டு ஒரு சாணையும் மூடினார்.

போன கிழமை வேறொரு தண்ணீர் வெட்டு வந்தது. கட்டிடமே காய்ந்து கிடந்த அன்று, காலை பத்து மணிக்குப் பட்டறையில் சொட்டுச் சொட்டென்று ஒழுகியது. ரஜனி ஒழுக்குக்குக் கீழே வைத்த பேசினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து யோசித்தாள். எல்லாப் பைப்பும் காற்று விடுகிற நேரத்தில் ஒரு குளியலறையில் மட்டும் தண்ணி ஓடுகிறதென்றால், அங்கே தனியாக ஒரு தாங்கி இருக்கிறது. வீடுகளுக்குள் தனித்தாங்கி வைக்கக்கூடாது என்பது கட்டிட விதி பதினாலு. அதை எழுதியவர் முத்துலிங்கம்.

அதை அவள் அவரிடமே சொன்னாள். பிழை. சொல்லியிருக்கக்கூடாது. மறுநாள் நோட்டிஸ் பலகையில் கூட்ட அறிவித்தல் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணி, கார் நிறுத்துமிடம். மூன்றாவது விடயம்: 'கீழ்த்தளப் பின்பக்க வீட்டின் தச்சு மெஷின்களின் அதிர்வால் பைப் வெடித்துக் கட்டிடத்துக்கு நீர்ச்சேதம். மேற்படி தொழிலை உடன் நிறுத்துதல்.'

தலைவர் கஜேந்திரனைப் படிக்கட்டில் பிடித்துக் கேட்டாள்.

"கஜன் அண்ணை, நீங்கள் இதுக்குக் கை தூக்கப் போறீங்களோ?"

"நான் என்ன செய்ய ரஜனி? மனிசன் விதிகளோட வருவார். நீர் ஒரு ப்ரூஃப் கொண்டு வாரும், நான் கையைக் கீழ வைக்கிறன்."

ப்ரூஃப் மேலே, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது. சீனியம்மாவுக்குக்கூட அந்தக் கதவைப் பற்றித் தெரியும்.

"நாலு வருசமா அவரு வீட்டக் கூட்டுறேன். அந்த ரூம மட்டும் தொறக்கவே மாட்டாரு ரஜனிம்மா. உள்ளுக்கு மோட்டர் ஓடுற மாதிரி சத்தம் கேக்கும். கேட்டா, வண்டு பறக்குதுன்னுவாரு."

வெள்ளிக்கிழமை காலை பரராஜசிங்கம் காலமானார். நல்ல மனிதர், தூக்கத்தில் போனார், அதில் ரஜனிக்கு எந்தப் பங்கும் இல்லை. மற்றதில் பங்கு உண்டு.

சனிக்கிழமை செத்தவீடு, சனிக்கிழமை தண்ணீர் வெட்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீட்டில் வைத்துச் சிரிக்கக்கூடாது என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தடவிவிட்டார்கள்.

முத்துலிங்கம் செத்தவீட்டுக்கு வருவதாக இல்லை. பிறஷர் என்றார். ரஜனி நேரே செத்தவரின் மகனிடம் போனாள்.

"முத்துலிங்கம் அங்கிள் இரங்கல் உரை ஒண்டு செய்ய ஆசைப்படுறார். தானாக் கேக்கக் கூச்சம்."

அங்கிருந்து இறங்கி முத்துலிங்கத்திடம் போனாள்.

"அங்கிள், நாலாம் மாடியில உங்கட பேரை இரங்கல் உரைக்குப் போட்டிட்டினம். நான் சொன்னன், அவருக்குப் பிறஷர், கஜன் அண்ணையை விடுங்கோ எண்டு."

"கஜேந்திரனோ?" கதவு ஒரு சாணிலிருந்து இரண்டு சாணாகத் திறந்தது. "அவனுக்கு நாலு வசனம் சேர்த்துக் கதைக்க வராதே. எத்தனை மணிக்கு?"

இருபத்தாறு நிமிடம் பேசினார். ஏழாவது நிமிடத்தில் பரராஜசிங்கத்தை விட்டுவிட்டு, கட்டிடத்தின் குப்பை அகற்றும் முறைக்கு வந்தார். மலர்ச்சாலைக்காரர் இரண்டு தரம் மணிக்கூட்டைக் காட்டினார். பிறகு ஆண்கள் கனத்தை மயானத்துக்குப் போனார்கள், பெண்கள் வேனுக்குள் இருந்தார்கள். முத்துலிங்கம் பெட்டியில் ஒரு பக்கம் பிடித்தார் என்று கேள்விப்பட்டபோது ரஜனிக்கு மனம் நிறைந்தது. முழுத் தொடக்கு. ஒரு குறையும் இல்லை.

இப்போது கேற்றடியில், சீனியம்மாவின் அரை வாளி மூன்று பேரின் காலோடு தீர்ந்துபோனது.

"ஒரு வாளிதானோ?" என்றாள் நிஷாந்தி.

"ரஜனிம்மா ஒன்னு போதும்னுச்சு" என்றாள் சீனியம்மா. ரஜனி வானத்தைப் பார்த்தாள்.

நிஷாந்தி இரண்டாம் மாடி ஜன்னலை நோக்கிக் கத்தினாள். "மாமி! தலையில தண்ணி தெளிச்சிட்டு வரட்டே?"

ஜன்னலில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. "தெளிக்கிறதோ? உதென்ன பூக்கண்டோ? முழுகிட்டு வாரும்!" ஜன்னல் மூடிக்கொண்டது.

"கடலுக்குப் போவமே?" என்றார் கஜேந்திரன். "தண்டவாளத்தைத் தாண்டினா அஞ்சு நிமிசம்."

"வெள்ளவத்தைச் சாக்கடைக் கான் முழுக்க அதுக்குள்ளதான் விழுது அண்ணை. அதில முழுகினா, முழுகினதுக்கு ஒருக்கா முழுகவேணும்" என்றாள் ரஜனி.

ஸமீம் முச்சந்திக் கடைக்குப் போய்ப் பெரிய தண்ணிக் கான் கேட்டுப் பார்த்தார். "வத்துர நெத்த மாத்தயா" என்று சிங்களத்தில் தண்ணி இல்லையெனக் கடைக்காரன் கையை விரித்தானாம். "சோடா ஈக்கிதாம். தோடம்பழ சோடா. வேணுமெண்டா தலைக்கு ஊத்துங்க. எறும்பு மட்டும் பாத்துக்கொள்ளுங்க" என்றார்.

ஐந்து மணியாகிவிட்டது. கூட்டத்தை இப்படியே, தொடக்கோடு கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி நடத்திவிடலாம் என்று கஜேந்திரன் சொன்னார். கூட்டப் புத்தகம் வேண்டும். புத்தகம் முத்துலிங்கத்தின் வீட்டில்.

இங்கேதான் முத்துலிங்கத்துக்குச் சிக்கல். கூட்டப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் பிள்ளையார் சுழியோடு தொடங்கும். புத்தகம் இருப்பது சாமித்தட்டுக்குக் கீழே. செத்தவீட்டுக் கையால் அதைத் தொட அவரால் முடியாது. விதி பதினாலை மீறுவார், பொய் சொல்லுவார், கனடாவைச் சாட்சிக்கு இழுப்பார். ஆனால் பிள்ளையார் சுழியைத் தொடக்கோடு தொடமாட்டார். ரஜனி போட்ட கணக்கு முழுக்க அந்த ஒரு நல்ல குணத்தில் நின்றது.

"நீங்கள் நில்லுங்கோ. நான் போய் வாசலில நிண்டு எடுத்துக்கொண்டு ஓடி வாறன்" என்று முத்துலிங்கம் படியேறினார்.

"ஆறுதலா வாங்கோ அங்கிள்" என்றாள் ரஜனி.

பதினைந்து நிமிடம் போனது. ரஜனி யாருக்கும் தெரியாமல் பின்பக்கம் போய்ப் பட்டறையின் பூட்டைத் திறந்து, கதவை லேசாக நீக்கிவிட்டு வந்தாள். அறைக்குள் பலகை ஒன்றும் இல்லை. செய்து முடித்த பதினொரு சாமித்தட்டும் காலையிலிருந்து ஸமீமின் ஹோலில் சுவரோடு சாய்ந்து நின்றன. "வீட்டுக்கு வந்த ஆளுங்க, இது எப்பயிருந்து எண்டு என்னக் கேக்கிறாங்க" என்று ஸமீமின் மனைவி ஷிஹாரா காலையிலேயே ஒரு பாட்டம் சிரித்திருந்தாள்.

முத்துலிங்கம் இறங்கி வந்தார். கையில் கூட்டப் புத்தகம். தோய்த்த வேட்டி, புதுச் சேர்ட். நெற்றியில் மூன்று குறித் திருநீறு. அதில் நடுக்குறி, தலையிலிருந்து வடிந்த தண்ணியில் மூக்குவரை கரைந்து வந்துகொண்டிருந்தது. வலது காது மடலில் ஒரு துளி தொங்கியது. விழவில்லை. எல்லோரும் அந்தத் துளியையே பார்த்தார்கள்.

விழுந்தது.

ஸமீம்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன முத்துலிங்கம் மாத்தயா? மொதலாம் மாடிக்கு மட்டும் மழையா?"

"வேர்வை" என்றார் முத்துலிங்கம். "படி ஏறி இறங்கின வேர்வை."

"வேர்வையில சந்தனச் சவர்க்காரம் மணக்குது அங்கிள்" என்றாள் நிஷாந்தி.

"என்னட்ட ஒரு போத்தல் தண்ணி இருந்தது. அதால சும்மா ஒருக்கா..."

"இந்தத் தலைக்கு ஒரு போத்தல் காணாது" என்றார் கஜேந்திரன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் செயலாளர் எழுதிக் கொடுக்காத ஒரு வசனம்.

ரஜனி சத்தம் போடவில்லை. "எல்லாரும் ஒருக்கா இங்கால வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

பின்பக்கம் போனார்கள். பட்டறைக் கதவை முழுக்கத் திறந்தாள். கூரையிலிருந்து சொட்டவில்லை, நூலாக ஓடியது. கீழே நீலப் பேசின் அரைவாசி நிரம்பியிருந்தது. மேலே வெள்ளையாக நுரை.

நிஷாந்தி குனிந்து பேசினை மணந்தாள். நிமிர்ந்து, முட்டாத தூரத்தில் நின்று முத்துலிங்கத்தை மணந்தாள். திரும்பவும் பேசினை.

"அதே சவர்க்காரம்" என்றாள்.

"அது உம்மட பைப் வெடிச்சு..." என்று முத்துலிங்கம் தொடங்கினார்.

"பைப்பில தண்ணி இல்லை அங்கிள். ஊருக்கே இல்லை. மெஷின் அதிர்ந்து பைப் வெடிக்கலாம். வெடிச்ச பைப்புக்குள்ள இருந்து சவர்க்கார நுரை வராது."

சீனியம்மா பெருமூச்சு விட்டாள். "வண்டு" என்றாள். "வண்டு பறக்குதுன்னாரு."

முத்துலிங்கம் வேட்டியைச் சரிசெய்தார். "ஒரு சின்னத் தாங்கி" என்றார். "அவசரத்துக்கு."

"எவ்வளவு சின்னன்?"

"ஆயிரம் லீற்றர்."

இந்த இடத்தில் சண்டை வரும் என்று ரஜனி எதிர்பார்த்திருந்தாள். விதி பதினாலு, ராஜினாமா, நாலு வருடமாகப் பொது மேல்தாங்கியிலிருந்து மோட்டர் போட்டு இழுத்த கதை, எல்லாவற்றுக்கும் வசனம் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. ஆயிரம் லீற்றர் என்ற சொல் காதில் விழுந்ததும் ஏழு பேரின் முகத்திலும் ஒரே வெளிச்சம் வந்தது. கோபம் இருந்த இடத்தில் குளியல் துவாய் வந்து நின்றது.

"மாமி!" நிஷாந்தி முன்பக்கம் ஓடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "என்ர துவாயைப் போடுங்கோ! மாத்துச் சட்டையும்!"

மாடிகளிலிருந்து துவாய்கள் விழத் தொடங்கின.

"நில்லுங்கோ, நில்லுங்கோ!" முத்துலிங்கம் படிக்கட்டை மறித்தார். "அது என்ர தனிப்பட்ட பாத்ரூம்!"

"நாலு வருசமா அதுக்குள்ள இருக்கிறது எங்கட தண்ணி" என்றார் கஜேந்திரன். தோளில் துவாய் ஏறியதும் மனிதர் தலைவராகவே ஆகிவிட்டார். "வழி விடுங்கோ. முட்டினா நீங்கள் திரும்பவும் முழுகவேணும்."

முத்துலிங்கம் பாய்ந்து சுவரோரம் ஒதுங்கினார். அவர்தான் இப்போது அந்தக் கட்டிடத்திலேயே சுத்தமான ஆள். பக்கத்தில் யார் வந்தாலும் ஆபத்து.

"ஒரு நிமிசம்" என்றாள் ரஜனி. "குளிக்க முதல் கூட்டம். ஐஞ்சு மணிக் கூட்டம் எண்டுதானே நோட்டிஸ்?"

"இப்பவோ அக்கா?" நிஷாந்தி துவாயோடு துள்ளினாள்.

"மூண்டாவது விடயம் மட்டும். அங்கிள், புத்தகத்தை விரியுங்கோ. எங்கட கை தொடக்குக் கை, நாங்கள் தொடேலாது. நீங்கள்தான் எழுதவேணும்."

முத்துலிங்கம் புத்தகத்தைப் பார்த்தார். படிக்கட்டில் ஏறி நின்ற ஏழு துவாய்களைப் பார்த்தார். பேனையைத் திறந்தார்.

"என்னெண்டு எழுத?"

"நீர்ச்சேதம் செயலாளரின் குளியலறைத் தரையிலிருந்து வருகிறது. தச்சு வேலை தொடரலாம். அடுத்த சனிக்கிழமைக்குள் தாங்கி அகற்றப்பட்டுத் தரை உடைத்துத் திருத்தப்படும்."

"அடுத்த சனி எண்டால் கொஞ்சம்..."

"எனக்கு மாமி கதவு திறக்கவேணும், எழுதுங்கோ!" என்று நிஷாந்தி கத்தினாள்.

எழுதினார். எழுத்து அழகாகவே வந்தது. கை உயர்த்தச் சொன்னபோது ஏழு துவாய்கள் உயர்ந்தன. ஸமீம் துவாய் இல்லாமலே கையை உயர்த்தினார்.

முதலில் கஜேந்திரன் மேலே போனார். இரண்டாவது நிமிடத்தில் பட்டறைக் கூரை பலமாக ஒழுகியது. இன்னொரு மூலையிலும் புதிதாகத் தொடங்கியது. நீலப் பேசின் விளிம்பைத் தொட்டது. இன்னும் ஆறு பேர் குளிக்க இருக்கிறார்கள். நிஷாந்திக்கு முழங்கால்வரை தலைமயிர்.

"அங்கிள்" என்றாள் ரஜனி. "ஆராவது ஒரு ஆள் இங்க நிண்டு வாளி மாத்தவேணும். இல்லாட்டி என்ர மெஷின் போயிடும்."

"நீர்தானே நிக்கவேணும்? உம்மட பட்டறை."

"நான் இன்னும் குளிக்கேல்லையே. எனக்கும் லைன் இருக்கு. ஸமீம் நானாவுக்கு முதுகு நோ."

"பயங்கர நோ" என்றார் ஸமீம். இதுவரை இல்லாத முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அதோட இன்னொண்டு. படிக்கட்டு முழுக்கத் தொடக்கு ஆக்கள். கார் நிறுத்துமிடத்திலயும் அவைதான். உங்களை ஒருத்தரும் முட்டாத இடம் இப்ப இந்தக் கட்டிடத்தில இது ஒண்டுதான்."

முத்துலிங்கம் யோசித்தார். துவாயைச் சுழற்றிக்கொண்டு பக்கத்தால் ஒருவர் ஓடினார். துவாய் நுனி அவர் தோளுக்கு ஒரு விரல் தூரத்தில் போனது. அவர் யோசிப்பதை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குள் தாவினார். ரஜனி சிவப்பு வாளியை நிலத்தில் வைத்துக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். அவர் கூட்டப் புத்தகத்தை ஈரம் படாத உயரத்தில், துளை மெஷினுக்கு மேலே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். மேலே கஜேந்திரன் ஏதோ பாடிக்கொண்டு குளிப்பது கேட்டது.

"சவர்க்காரத்தைத் தேய்ச்சு முடிக்கப்போறான்" என்றார் முத்துலிங்கம், வாளியைப் பிடித்தபடி. "பிள்ளை, கதவைத் திறந்து விட்டிட்டுப் போம். காத்து வரட்டும்."

"திறந்து கிடந்தா ஆராவது தெரியாமல் உள்ள வந்து முட்டிப்போடுவினம் அங்கிள்" என்றாள் ரஜனி. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தி, ஆமைப்பூட்டைக் கொளுவி, திறப்பைத் திருகினாள்.